இருபத்து நான்கு வீட்டு லயம்

மேஜர் சிங்காரம் மறைந்த முப்பதாம் நாள் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சமூக நலச் சங்கத்தில் நினைவுக் கூட்டம் நடந்தது. பேசியவர்கள் எல்லோரும் நன்றாகவே பேசினார்கள். எல்லைக் காடுகளில் அவர் வீரர்களை வழிநடத்தியதைச் சொன்னார்கள். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, ஒரு சில ஆட்களோடு பாதுகாவல் நிறுவனம் தொடங்கி அதைப் பெரிதாக வளர்த்ததைச் சொன்னார்கள். கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சங்கத்தில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"அக்கா, இவ்ளோ பேரு பேசினாங்க. மேஜர் எப்படி வேலை பார்ப்பாருன்னு ஒருத்தரும் சொல்லலையே. நீங்க எழுதிக் குடுங்க லா."

எனக்குக் காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருடைய பதக்கங்களைக்கூட ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் இருபத்தெட்டு வருடம் அவர் சொல்லச் சொல்லக் கடிதம் அடித்தவள் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கிள்ளானிலிருந்து ரயிலேறி அவரிடம் வேலைக்குப் போனபோது எனக்கு இருபத்து மூன்று வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேலே அலுவலகம். நேர்முகத் தேர்வில் அவர் சான்றிதழ்களைத் திறந்தே பார்க்கவில்லை. "வர்ற வழியில என்ன பாத்தீங்க? எழுதுங்க" என்று ஒரு தாளைக் கொடுத்தார். நான் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி ஒரு பக்கம் நிரப்பினேன். அவர் படித்துவிட்டு, "ரயில்ல கூட்டம் அதிகம்னு எழுதியிருக்கீங்க. உங்களுக்கு உக்கார இடம் கிடைச்சுதா இல்லையா?" என்று கேட்டார். கிடைத்தது என்றேன். "அப்போ அதையும் எழுதணும்" என்றார். மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

முதல் மூன்று வருடம் முழுக்க அந்த ஒரே பாடம்தான். எந்த அறிக்கையாக இருந்தாலும் அவருக்கு மூன்று பத்தி வேண்டும்: பார்த்தது, கேட்டது, நினைத்தது. காவலர் ஒருவர் "கேட்டை உடைச்சிட்டாங்க" என்று சொன்னால், உடைத்ததைப் பார்த்தாரா, சத்தம் கேட்டாரா, உடைந்து கிடந்ததைப் பார்த்து அப்படி நினைத்தாரா என்று நான் விசாரித்து உரிய இடத்தில் எழுத வேண்டும். ஒன்றை இன்னொன்றின் இடத்தில் எழுதினால் தாள் திரும்பி வந்துவிடும். திட்ட மாட்டார். பென்சிலால் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குறியைவிடத் திட்டு வாங்குவதே மேல் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

காலை ஏழே முக்காலுக்குப் படிக்கட்டின் அடியில் நின்று, பணிக்குப் போகும் காவலர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வணங்குவார். அப்போது அவர் பார்வை அவர்களுடைய காலணிமேல் இருக்கும். பளபளப்பைப் பார்க்கிறார், பட்டாளத்துக்காரர் அல்லவா என்று நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் மேலே வந்ததும், "ஆறுமுகத்துக்கு வேற இடம் பாருங்க, வீட்டுக்குப் பக்கமா" என்றார். ஏன் என்றேன். "ஒரே மாசத்துல அடி தேஞ்சு போயிருக்கு. பஸ் இல்லாம நடந்து போறார்னு நினைக்கிறேன். கேட்டுப் பாருங்க." விசாரித்தேன். அவர் நினைத்தது சரிதான். தினமும் முக்கால் மணி நேர நடை. ஆறுமுகம் அண்ணன் அதை யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியத்துக்குமேல் அதே அலுவலகம் சங்கமாக மாறிவிடும். காவலர் பட்டியலைச் சுருட்டி வைத்துவிட்டு மடக்கு மேசைகளைப் போடுவோம். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளுகிறவர்கள், எந்த அட்டையுமே இல்லாதவர்கள் வருவார்கள். இந்த மண்ணில் பிறந்தும் அதைக் காட்ட ஒரு தாள் இல்லாதவர்கள். அவர்களுக்கு மனு எழுதி, பதிவு இலாகாவுக்குக் கூட்டிப் போவதுதான் சங்கத்தின் முக்கிய வேலை. மேஜர் தலைவர். நான் சம்பளமில்லாத எழுத்தர்.

மாரியாயி அக்கா அப்படித்தான் வந்தார். கேரி தீவிலிருந்து, ஐம்பதை நெருங்கிய வயது, செம்பனைத் தோட்டத்தில் வேலை. கூடவே மகள் கவிதா. அப்போதுதான் பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்து, தேர்வில் நல்ல புள்ளிகள் எடுத்திருந்தாள். அரசாங்கத் தாதியர் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அம்மாவிடம் இருந்தது சிவப்பு அட்டை. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணத்தைப் பதியவில்லை. கணவரும் இறந்துவிட்டார். ஆகையால் அம்மாவின் நிலைமை என்னவோ அதுதான் மகளுக்கும். குடியுரிமை இல்லாமல் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடவே முடியாது.

"எங்கப்பாகிட்ட குடியுரிமை உள்ள நீலக் கார்டுதாங்க இருந்துச்சு" என்றார் மாரியாயி. "நான் வீட்டுலேயே பொறந்தேன். தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி பதிஞ்சிருப்பார்னு அப்பா நினைச்சிருக்காரு. மருந்து குடுக்கிற டிரெசர் பதிஞ்சிருப்பார்னு கிராணி நினைச்சிருக்காரு. யாருமே பதியல."

பெற்றோர் இறந்து வெகுநாளாகியிருந்தது. பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் இல்லை. தோட்ட மருந்தகத்தின் பழைய பேரேடுகளைத் தேடிப் போனோம். அந்த வருடத்துப் புத்தகம் மட்டும் கறையான் அரித்துக் கிடந்தது. காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு, அந்தப் பிறப்பை நேரில் அறிந்த ஒருவர் சத்தியப் பிரமாணம் செய்து கொடுக்க வேண்டும். அப்படி ஒருவரும் இல்லை.

அப்போது வீரப்பன் என்பவரைக் கவிதா கூட்டி வந்தாள். மாரியாயி பிறந்த அதே லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர், எழுபது வயது. "நான் பாத்தேன்மா. மழை நாளு. குழந்தை அழுத சத்தம் கேட்டு ஓடிப் போனேன்" என்றார். எனக்கு உயிர் வந்தது. கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது; படிப்புக்கு அவசரம் என்று எழுதிக் கொடுத்தால் இலாகாவில் அதற்குள் முடித்துக் கொடுத்த கேஸ்களும் உண்டு. அன்றே பிரமாணத்தை அடித்து முடித்து, வீரப்பன் அண்ணன் கையெழுத்துப் போடுமுன் பார்த்துவிடட்டும் என்று மேஜர் முன்னால் வைத்தேன்.

அவர் படித்தார். வீரப்பன் அண்ணனை எதிரில் உட்கார வைத்துக் கோப்பி வரவழைத்தார்.

"அந்த வருஷம் உங்களுக்கு என்ன வயசுண்ணே?"

"இருபது, இருபத்தொண்ணு இருக்கும் சார்."

"எங்க வேலை?"

அவர் கோப்பியைக் கிண்டினார்.

"அண்ணே, எங்க வேலை பாத்தீங்க?"

"பகாங்ல சார். மரம் வெட்டுற காம்ப்ல. ஆனா இந்தப் புள்ள அங்கதான் பொறந்துச்சு. தோட்டத்துக்கே தெரியும். நான் பாத்தேன்னு சொன்னா என்ன சார் கெட்டுப் போச்சு?"

மேஜர் அந்தத் தாளை நான்காகக் கிழித்தார். கோபத்தில் கிழிக்கவில்லை. நிதானமாக, ஓரம் பார்த்துக் கிழித்தார்.

அன்றுதான் முதல்முறையாக அவரிடம் குரல் உயர்த்தினேன். "சார், அவங்க இங்க பொறந்தது உண்மைதானே? பொய் எங்க இருக்கு?"

"அவங்க பொறந்தது உண்மை. இவர் பாத்தது பொய்."

"அந்தப் பிள்ளைக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு சார்!"

"தெரியும். சரோஜா, நம்ம கொண்டுபோற ஃபைலை அங்க நம்பி வாங்குறாங்க. இதுல ஒரு பொய் மாட்டிக்கிட்டா, இந்தம்மா கேஸ் மட்டும் போகாது. நமக்குப் பின்னால உக்காந்திருக்காங்களே, அவங்க எல்லாருடைய ஃபைலும் போகும்."

மடக்கு நாற்காலிகளில் முப்பது பேராவது காத்திருந்தார்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கவிதாவின் முகத்தைப் பார்த்தவளுக்கு அந்த நியாயம் பிடிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. வாரநாட்களில் வேலை பார்த்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

ஐந்து வாரம் கடந்துவிட்டது. கவிதா கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஒரு திங்கட்கிழமை, கோப்பு அடுக்கும்போது சங்கக் கடிதம் ஒன்று கண்ணில் பட்டது. மேஜரே இரண்டு விரலால் அடித்தது. ஒரே பத்தியில் ஏழு பிழை. ஒவ்வொன்றையும் வெள்ளை மை பூசி, ஊதிக் காய வைத்து, திரும்ப அடித்திருக்கிறார். தாள் அங்கங்கே தடித்துப் போயிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அந்தச் சனிக்கிழமை நான் போய் உட்கார்ந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "நல்லவேளை" என்றார். பிறகு, "இன்னைக்கு மத்தவங்க பாத்துக்கட்டும். நாம கேரி தீவுக்குப் போறோம்" என்றார்.

வழியெல்லாம் மழை. மாரியாயி அக்காவின் வீடு தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. நாங்கள் போனபோது கவிதா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மேஜர் நாற்காலியில் உட்காரவில்லை. சாத்திய கதவுக்கு முன்னால் நின்று பேசினார்.

"கவிதா, இந்த வருஷம் உன் படிப்பு போனதுக்கு நான்தான் காரணம். அது நான் எடுத்த முடிவு. சரோஜா அக்கா கிழிக்க வேணாம்னுதான் சொன்னாங்க. அதை உன்கிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

உள்ளிருந்து குரல் வந்தது. "அந்த அங்கிள் கையெழுத்து போட்டிருந்தா, நான் இப்போ காலேஜ்ல இருந்திருப்பேன்."

"இருந்திருக்கலாம்" என்றார் மேஜர்.

சட்டம், நேர்மை, எதிர்காலம் என்று எதையாவது சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அந்த ஒரு சொல்லோடு நிறுத்தினார். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் கண்ட பெரிய தைரியம் அதுதான். காட்டில் அவர் செய்ததை நான் பார்க்கவில்லையே.

மாரியாயி அக்கா கோப்பி கொண்டுவந்து வைத்தார். மேஜர் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பெரிய மணிலா அட்டையை எடுத்து விரித்தார்.

"நீங்க பொறந்த லயத்துல மொத்தம் எத்தனை வீடும்மா?"

"இருபத்து நாலுங்க. இந்தப் பக்கம் பன்னெண்டு, முதுகுப் பக்கம் பன்னெண்டு."

அளவுகோல் வைத்து இருபத்து நான்கு கட்டம் போட்டார். தண்ணீர்க் குழாய் எங்கே, மாரியம்மன் கோயில் எந்தத் திசை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் எவ்வளவு தூரம் என்று கேட்டு எல்லாவற்றையும் குறித்தார். மாரியாயி வீடு எட்டாம் எண். பிறகு ஒவ்வொரு கட்டமாகக் கேட்டார். அந்த வருடம் அங்கே யார் இருந்தார்கள்? இப்போது எங்கே? இறந்தவர்களுக்குச் சிவப்புப் பென்சில். இடம் தெரிந்தவர்களுக்கு நீலம். தெரியாத கட்டத்தை வெறுமையாக விட்டார். பிறக்கும் முன் நடந்தது மாரியாயிக்கு எப்படித் தெரியும்? அதனால் அவர் சொன்ன ஒவ்வொரு பெயரையும் பிடித்துக்கொண்டு நாங்கள் அலைந்தோம். பந்திங், காப்பார், ஷா ஆலம். ஒரு வீட்டில் ஒரு பெயர் கிடைக்கும். அந்தப் பெயர் இன்னொரு வீட்டைக் காட்டும். பார்த்தது, கேட்டது, நினைத்தது என்ற மூன்று பத்தியில் நான் எழுதிக்கொண்டே போனேன். ஏழு மாதத்தில் இருபத்து மூன்று கட்டம் நிரம்பிவிட்டது. சிவப்பே அதிகம். நீலத்தில் ஒருவருக்கும் அந்தப் பிரசவம் நேரில் தெரியாது. எட்டுக்கு அடுத்த வீடு, ஒன்பதாம் எண், மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

ஒரு சனிக்கிழமை வீரப்பன் அண்ணன் படியேறி வந்தார். தாளைக் கிழித்த நாளிலிருந்து அவர் எங்களோடு பேசுவதில்லை. சுவரில் மாட்டியிருந்த அட்டையை எட்டி நின்று பார்த்தார். பிறகு கிட்டே போனார். ஒன்பதாம் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது ஏன் சும்மா கெடக்கு? இது காமாட்சி வீடு. பல்லு தெரியச் சிரிக்குமே, அந்தக் காமாட்சி. புருஷனுக்கு ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஈயம் தோண்டுற லம்பத்துல வேலை கெடைச்சு எல்லாரும் போயிட்டாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்ணே?" என்றார் மேஜர்.

வீரப்பன் அண்ணன் அவரை நேராகப் பார்த்தார். "நான் பகாங்லேர்ந்து திரும்பி வந்த வாரம் சார். அவங்க சாமானை லோரியில ஏத்திவிட்டதே நான்தான். கைக்குழந்தை இருந்துச்சு. இதை நான் பாத்தேன். எழுதிக்கங்க."

மேஜர் எழுந்து வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் "பார்த்தது" பத்தியில் எழுதினேன்.

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒவ்வொரு கோயிலாக, ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையாக விசாரித்தோம். ஆறாவது நாள், பாசார் அருகே தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்கும் லெட்சுமி என்ற பெண்ணிடம் கேட்டோம். "காமாட்சியா? எங்கம்மாதான். வீட்டுல இருக்காங்க, வாங்க" என்றார் சாதாரணமாக.

எண்பது கடந்த காமாட்சியம்மா, பல் எல்லாம் போன பிறகும் அதே சிரிப்பு. மாரியாயி என்ற பெயரைக் கேட்டதும் எங்களை முந்திக்கொண்டு பேசினார். "ராமன் மகளா? அது உசுரோட இருக்கா? இவ பொறந்து மூணாம் நாள் அது பொறந்துச்சு. கைவிளக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தான். எனக்குக் காய்ச்சல் வந்து பால் வத்திப் போச்சு. அவங்கம்மாதான் ரெண்டு பிள்ளைக்கும் பால் குடுத்தா. அந்தப் பக்கம் அதுவும் இந்தப் பக்கம் இவளும்."

லெட்சுமியிடம் பிறப்புப் பத்திரம் இருந்தது. தேதி, தோட்டத்தின் பெயர், லயம், ஒன்பதாம் எண் எல்லாம் தெளிவாக இருந்தன. அந்த வாரம் காமாட்சியம்மா அடுத்த வீட்டில் இருந்ததற்கு அதுவே அத்தாட்சி; மேஜர் அதை ஒவ்வொரு வரியாக இரண்டு முறை படித்தார்.

பதிவு இலாகாவில் விசாரணை நாளன்று, அந்த மலாய் அதிகாரி மிகுந்த மரியாதையோடு காமாட்சியம்மாவை உட்கார வைத்தார். இத்தனை வருடம் கழித்து எப்படி இவ்வளவு நன்றாக நினைவிருக்கிறது என்று மலாயில் கேட்டார். காமாட்சியம்மா தோட்டத்து மலாயில் பதில் சொன்னார்: என் பிள்ளை பசியில் அழுதது, இவள் அம்மா வாங்கிப் பால் கொடுத்தாள், அதை எப்படி மறப்பேன்? அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லெட்சுமி கையை நீட்டி மாரியாயியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரே தாயிடம் பால் குடித்த இருவரும் விவரம் தெரிந்து சந்தித்தது அந்த வாரம்தான்.

பிறப்புப் பதிவு ஆனது. ஆனால் இதற்கிடையில் இலாகாவில் மனுக்கள் குவிந்துபோய், அவசரக் கேஸ் என்பதே இல்லாமல் போயிருந்தது; நீண்ட காத்திருப்பு. ஒரு வருடம் கழித்து மாரியாயிக்கு நீல அட்டை வந்தது. சில மாதம் கழித்துக் கவிதாவுக்கும் வந்தது. அவள் தாதியர் கல்லூரியில் சேர்ந்தபோது, கூடப் படித்தவர்களைவிட மூன்று வயது பெரியவள். சேர்ந்த அன்று அலுவலகத்துக்கு வந்தாள். மேஜர் மேசைமேல் கடிதத்தை வைத்தாள். "எனக்கு இன்னும் கோபம் இருக்கு சார்" என்றாள். "இருக்கட்டும்மா" என்றார் அவர். அப்புறம் அவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவருக்கு அது பிடிக்காது. அன்று தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த பொதுத் தேர்தலின்போது மேஜர் நடக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டார். சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று நாள் சிகிச்சை. சாப்பாடு இறங்கவில்லை. நானும் ஓய்வு பெற்றுவிட்டிருந்தேன். தேர்தலுக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு மாரியாயி முதல் தடவையா ஓட்டுப் போடுறாங்க. பாக்கணும். கார் ஓட்டுறீங்களா?" என்று கேட்டார்.

வாக்குச்சாவடி கேரி தீவில் ஒரு பள்ளிக்கூடம். வெளியே ஒரு மரத்தடியில் சக்கர நாற்காலியை நிறுத்தினேன். மாரியாயி அக்கா புதுப் புடவையில் வரிசையில் நின்றார். எங்களைப் பார்த்ததும் கையசைத்தார். இரண்டு மணி நேரம் நகர்ந்து நகர்ந்து உள்ளே போனார். வெளியே வந்தபோது மை பட்ட விரலை மற்ற விரல்களிலிருந்து ஒதுக்கிப் பிடித்திருந்தார், சுட்டுக்கொண்டவர் மாதிரி. நேராக மேஜரிடம் வந்து காட்டினார். அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பேசியது மாரியாயி அக்காதான். "சார், நீங்க போட்டாச்சா?"

"இன்னும் இல்லம்மா. என் பேரு பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கு."

"அப்போ இங்க ஏன் உக்காந்திருக்கீங்க? மணி மூணரை! வழியில ஜாம் ஆயிரும். எந்திரிங்க. கிளம்புங்க கிளம்புங்க." சொன்னதோடு நிற்காமல் நாற்காலியைத் தானே திருப்பிக் காரை நோக்கித் தள்ளினார்.

கார் தீவுப் பாலத்தைத் தாண்டியதும் மேஜர், "பாத்தீங்களா சரோஜா, என்ன விரட்டு விரட்டுறாங்க" என்று சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தபோது, சாவடி மூடக் கால்மணி நேரம்தான் இருந்தது. வாக்களித்து வெளியே வந்தவர், மாரியாயிக்குப் போன் போடச் சொன்னார். "போட்டாச்சும்மா" என்றார். மறுமுனையில் பேசியதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, சரி" என்று போனை என்னிடம் கொடுத்தார்.

"என்ன சார் சொன்னாங்க?"

"போய்ச் சாப்பிடணுமாம்."

பக்கத்துக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டு தோசை முழுதாகச் சாப்பிட்டார். பல வாரங்களாக அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.